வரி உத்தியோகத்தர் பதவி நீங்கிய பின்

வரி கேட்டு வருபவரை முகமலர்ந்து வரவேற்கும் வீடு எந்த நாட்டிலும் இல்லை. மன்னர் ஆண்ட காலத்திலும் இருந்ததில்லை. பாராளுமன்றம் ஆளும் காலத்திலும் இல்லை. சோழப் பேரரசன் முதலாம் குலோத்துங்கன் சுங்கத்தை நீக்கியமையால் 'சுங்கந் தவிர்த்த சோழன்' என்று போற்றப்பட்டான். அதற்கு முன் அச்சுங்கத்தை வாங்கி அரண்மனையிற் சேர்ப்பித்த அதிகாரிகளைப் போற்றியவர் எவருமிலர். ஆயினும், வரி உத்தியோகத்தர் ஒருவர் பதவியை விட்டு நீங்கியதும் நிலைமை தலைகீழாகிவிடுகிறது. நேற்றுவரை அவரைக் கண்டதும் கணக்குப் புத்தகத்தை மூடி வைத்த வணிகர், இன்று அதே புத்தகத்தை அவர் முன்னிலையில் தாமாகவே விரித்து வைத்து ஆலோசனை கேட்கின்றனர். கேட்பதற்குச் சன்மானமும் கொடுக்கின்றனர்.

இதனை ஓர் உத்தியோகத்தரின் தனிப்பட்ட பிழைப்பைப் பற்றிய சிறு செய்தி என்று தள்ளிவிட முடியாது. மதிப்பீட்டாளர் ஒருவரைத் தேர்ச்சியுறச் செய்வதற்கு அரசாங்கம் பல ஆண்டுகளையும் பெரும் பணத்தையும் செலவிடுகிறது. அப்பணம் வரியிறுப்போரின் பணம். அவ்வாறு பெற்ற தேர்ச்சியை அவர் எடுத்துச் சென்று, வரியைக் குறைக்க விரும்புவோருக்கு விற்கலாமா? விற்கவே கூடாது என்று தடுத்தால், ஆற்றலுள்ள இளைஞர் எவர் அத்திணைக்களத்திற் சேர முன்வருவார்? இவ்விரு கேள்விகளுக்கும் ஒவ்வொரு நாடும் தனக்கு இயன்றவாறு விடை கண்டிருக்கிறது. அவ்விடைகளில் எதுவும் முற்றாகத் திருப்தி தருவதாயில்லை என்பதை முன்னரே கூறிவிடுவது நல்லது.

பதவி நீங்குபவர் தம்முடன் கொண்டுசெல்வது யாது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். அது மூவகைப்படும். முதலாவது, சட்ட அறிவு. வரிச் சட்டங்கள் அச்சிடப்பட்டு விற்பனையாகின்றன. விரும்பிய எவரும் வாங்கிக் கற்கலாம். அதனைக் கற்றவர் பிறருக்கு எடுத்துரைப்பதை எவரும் தடுக்க முடியாது. மற்றோர் எல்லையில் இருப்பது தனிமனிதரின் இரகசியம். இன்ன வணிகருக்கு இவ்வளவு வருமானம், இன்ன கம்பனிக்கு இவ்வளவு கடன், இன்ன வைத்தியருக்கு இன்ன வங்கியில் இவ்வளவு பணம் என்னும் செய்திகள் அவர் கண்முன்னே ஆண்டாண்டாகக் கடந்து சென்றவை. அவற்றை வெளியிடுவதை வரிச் சட்டங்கள் கடுமையாகத் தடுக்கின்றன. இலங்கையின் இறைவரிச் சட்டத்திலும் இரகசியம் பேணும் கடமை உத்தியோகத்தர் மீது விதிக்கப்பட்டிருக்கிறது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வரியிறுப்பவர் ஒருவரின் விவரங்களை வேண்டுமென்றே வெளியிடும் உத்தியோகத்தருக்கு 5 ஆண்டுகள்வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். அவர் பதவியிலிருந்து நீங்கியவராயினும் தண்டனை குறைவதில்லை.

இவ்விரண்டுக்கும் இடையில் இருப்பதே நடைமுறை அறிவு. ஒரு நகரத்தில் நூறு புடைவைக் கடைகள் இருப்பதாகக் கொள்வோம். நூறு கடைக்காரரும் வருமான விவரத்தை அனுப்புகின்றனர். நூற்றையும் துருவி ஆராய்வதற்குத் திணைக்களத்தில் ஆட்களும் இல்லை, நேரமும் இல்லை. எந்த ஐந்தை எடுப்பது? அனுபவம் வாய்ந்த மதிப்பீட்டாளர், கொள்முதலுக்கும் விற்பனைக்கும் உள்ள விகிதத்தையும், ஆண்டிறுதியில் எஞ்சிய சரக்கின் பெறுமதியையும், குடும்பச் செலவுக்காகக் கடையிலிருந்து எடுத்த பணத்தையும் ஒருமுறை பார்த்தாலே போதும். ஐயத்துக்குரியது எதுவெனச் சொல்லிவிடுவார். சொந்தக் கடையிலிருந்து மாதம் மிகச் சிறு தொகையையே வீட்டுக்கு எடுத்ததாக எழுதிய ஒருவர் அதே ஆண்டில் மாடிவீடு கட்டியிருந்தால், அக்கணக்கு அவர் மேசையில் நின்றுவிடும். எந்த விளக்கத்தை அலுவலகம் ஏற்கும், எந்தப் பற்றுச்சீட்டை விடாது கேட்கும், மேன்முறையீட்டின் எக்கட்டத்தில் இணக்கத்துக்கு இறங்கிவரும் என்பவையெல்லாம் அவருக்கு மனப்பாடம். இவ்வறிவு எந்த நூலிலும் இல்லை. ஆனால் அது எந்தத் தனிமனிதரின் இரகசியமும் அன்று. ஆகவே, அதனைச் சட்டம் பெரும்பாலும் தொடுவதில்லை. சந்தையில் விலை போவதும் அதுவே.

திறமையுள்ள உத்தியோகத்தர் வெளியேறுவதற்கு முதற்காரணம் சம்பளம் என்பதை மறைப்பதற்கில்லை. இக்குறை புதிதுமன்று. தோமஸ் பெயின் என்னும் ஆங்கிலேயர் அமெரிக்க விடுதலைக்கு எழுத்தால் உழைத்தவர் என்று உலகம் அறியும். அதற்கு முன்னர் அவர் இங்கிலாந்தில் கலால் வரி உத்தியோகத்தராக இருந்தார். 1772ஆம் ஆண்டில் தம் சக உத்தியோகத்தரின் சார்பில் பாராளுமன்றத்துக்கு ஒரு விண்ணப்ப நூலை எழுதினார். ஆண்டுக்கு 50 பவுண் சம்பளம். அதிலேயே குதிரை ஒன்றையும் வைத்துத் தீனி போட வேண்டும். எஞ்சியதைக் கொண்டு குடும்பத்தைக் காக்கவேண்டும். பிறருடைய செல்வத்தை அளப்பவனைப் பட்டினியில் வைத்தால் அவன் நேர்மை எத்தனை நாள் நிலைக்கும் என்பதே அந்நூலின் வாதம். பாராளுமன்றம் அதனைப் பொருட்படுத்தவில்லை. 1774இல் பெயின் பதவி நீக்கப்பட்டார். அவ்வாண்டின் இறுதியில் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். 1776இல் அவர் வெளியிட்ட 'பொது அறிவு' என்னும் சிறு நூல் ஆங்கில அரசுக்கு எத்துணை நட்டத்தை விளைவித்தது என்பதைச் சரித்திரம் கூறும். சம்பளத்தைச் சிறிது உயர்த்தியிருந்தால் மலிவாக முடிந்திருக்கும்.

வரித்துறையை விட்டு நீங்கியவரெல்லாம் வரி ஆலோசகராகிவிடுவர் என்று எண்ணுவதும் பிழை. அமெரிக்க எழுத்தாளர் நதானியேல் ஹோதோர்ன் சேலம் துறைமுகச் சுங்க அலுவலகத்தில் இருந்தவர். ஆட்சி மாறியதும் 1849இல் வேலையை இழந்தார். அடுத்த ஆண்டே அவரை அழியாப் புகழுக்கு உரியவராக்கிய நாவல் வெளிவந்தது. இன்னொருவர் பிராங்க் வில்சன். சிக்காகோ நகரத்தைக் கலக்கிய அல் கபோனைக் கொலைக் குற்றத்துக்காகப் பிடிக்க முடியாதிருந்தபோது, அவனுடைய வரவு செலவுப் பேரேடுகளைத் தேடிப் பிடித்து, 1931இல் வரி ஏய்ப்புக் குற்றத்துக்காக 11 ஆண்டுச் சிறைத்தண்டனை பெறச் செய்தவர்களுள் முதன்மையானவர் இவர். பின்னர் 1937 முதல் 1946 வரை, அமெரிக்கச் சனாதிபதியின் பாதுகாப்புக்குப் பொறுப்பான இரகசிய சேவையின் தலைவராக இருந்தார். கணக்கைத் துருவும் பழக்கம் துப்பறியும் பணிக்கும் உதவும் என்பதற்கு இவரைப் போன்ற சான்று வேறில்லை. இக்காலத்திலும் வங்கிகள், காப்புறுதிக் கம்பனிகள், மோசடி விசாரணைப் பிரிவுகள் ஆகியன இத்தகையோரை விரும்பி அழைக்கின்றன. சிலர் சட்டம் பயின்று வரி வழக்குகளில் மட்டும் தோன்றும் சட்டத்தரணிகளாகின்றனர். பெருங் கம்பனிகளின் உள்ளேயே வரி விடயங்களைக் கவனிக்கும் பிரிவுகள் இருக்கின்றன. அங்கு செல்வோரும் பலர்.

எனினும் பெரும்பாலோர் நாடுவது வரி ஆலோசனைத் தொழிலையே. அதற்கு அமெரிக்கா வகுத்த வழியின் வரலாறு சற்று வேடிக்கையானது. அந்நாட்டின் உள்நாட்டுப் போர் முடிந்தபின், போரில் தம் குதிரைகளை இழந்தோம், பொருள்களை இழந்தோம் என்று அரசாங்கத்திடம் நட்டஈடு கேட்டு வந்தவர் தொகை பெருகியது. அவர்களுக்காகப் பேச வந்த முகவர்களுள் போலிகளும் பெருகினர். ஆகவே, திறைசேரியின் முன் பிறருக்காகத் தோன்றுபவர் யார் என்பதை ஒழுங்குபடுத்த 1884இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. 1913இல் அரசியலமைப்புத் திருத்தத்தின் வாயிலாக வருமான வரி நிலைபெற்ற பின்னர், குதிரைகளுக்காகப் பிறந்த அவ்வேற்பாடு வரிப் பிரதிநிதிகளுக்கான ஏற்பாடாக வளர்ந்தது. இன்று அவர்கள் பதிவுபெற்ற முகவர் எனப்படுகின்றனர். அப்பதிவைப் பெற மூன்று பகுதிகள் கொண்ட பரீட்சையில் தேற வேண்டும். ஆனால் இறைவரிச் சேவையில் வரிச் சட்டத்தைப் பொருள்கொண்டு செயற்படுத்தும் பதவியில் 5 ஆண்டுகள் தொடர்ந்து பணியாற்றியவர், பதவி நீங்கிய 3 ஆண்டுகளுக்குள் விண்ணப்பித்தால், பரீட்சையின்றியே பதிவு பெறலாம்.

வாயிலைத் திறந்துவிட்ட அதே அரசாங்கம் அதற்குத் தாழ்ப்பாளும் இட்டிருக்கிறது. உத்தியோகத்தர் ஒருவர் தாமே நேரடியாகக் கையாண்ட ஒரு குறிப்பிட்ட விசாரணையில், எதிர்த்தரப்பினர்க்காக அரசாங்கத்தின் முன் ஒருபோதும் தோன்ற முடியாது. அத்தடை வாழ்நாள் முழுவதற்கும் உரியது. தாம் நேரடியாகக் கையாளாவிடினும், பதவியின் இறுதி ஆண்டில் தம் மேற்பார்வையின் கீழ் இருந்த விடயங்களில் 2 ஆண்டுகள் தோன்றலாகாது. மேல்நிலை அதிகாரிகள் தம் பழைய திணைக்களத்தை அணுகிப் பிறருக்காகப் பேசுவதற்கு ஓராண்டு இடைவெளி வேண்டும். இவ்விதிகளைக் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். அவை தோன்றுவதையும் பேசுவதையும் தடுக்கின்றனவேயன்றி, திரைக்குப் பின்னாலிருந்து சொல்லிக்கொடுப்பதை அதே அளவுக்குத் தடுப்பதில்லை.

2025ஆம் ஆண்டில் இவ்வாயில் எவரும் எதிர்பாராத அளவுக்கு நெரிசல் கண்டது. அவ்வாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க இறைவரிச் சேவையில் ஏறக்குறைய 1 இலட்சத்து 3 ஆயிரம் பேர் பணியாற்றினர். விலகுவோருக்குச் சில மாதச் சம்பளம் தொடர்ந்து வழங்கும் திட்டத்தாலும் பிற நடவடிக்கைகளாலும் மே மாதத்துக்குள் அவர்களுள் நான்கில் ஒரு பங்கினர் குறைந்தனர். தகுதிகாண் காலத்திலிருந்த ஆயிரக்கணக்கானோர் பெப்ரவரியிலேயே நீக்கப்பட்டனர், நீதிமன்றங்கள் தலையிட்டன. இவர்களிற் பலர் 2022ஆம் ஆண்டுச் சட்டம் அச்சேவைக்குப் பெருந்தொகையை ஒதுக்கிய பின்னர் புதிதாகச் சேர்க்கப்பட்டவர்கள். பரீட்சை விலக்குக்கு வேண்டிய 5 ஆண்டுகள் அவர்களுக்கு இல்லை, பயிற்சியோ அரைகுறை. நீண்ட காலம் பணியாற்றியவரை ஆலோசனை நிலையங்கள் கைநீட்டி அழைத்தால் அதில் வியப்பில்லை. ஆனால் இளையவர் நிலை, பாதி நெய்த சீலையைத் தறியிலிருந்து அறுத்தெடுத்தது போன்றது. சீலையும் ஆகாது, மீண்டும் நூலும் ஆகாது.

யப்பானின் கதை இதனின்றும் முற்றாக வேறுபட்டது. உத்தியோகத்தர் வெளியேறுவதை ஒரு விபத்தாக அந்நாடு கருதவில்லை. தொடக்கத்திலேயே கணக்கிற் சேர்த்துக்கொண்டது. அங்கு ஸெய்ரிஷி என்னும் ஒரு தனித் தொழில் உண்டு. கணக்காளரும் அல்லர், சட்டத்தரணியும் அல்லர். வரிக்கென்றே அமைந்த வல்லுநர். 1951ஆம் ஆண்டுச் சட்டத்தால் இத்தொழில் இன்றைய உருவைப் பெற்றது. போருக்குப் பிந்திய காலத்தில் யப்பானியர் தம் வருமானத்தைத் தாமே கணக்கிட்டுத் தெரிவிக்கும் முறை 1947இல் புகுத்தப்பட்டது. 1949இல் தேசிய வரி நிறுவகம் அமைந்தது. அவ்வாண்டிலேயே அமெரிக்கப் பேராசிரியர் கார்ல் ஷூப் தலைமையில் வந்த குழு முறையான கணக்குப் புத்தகங்களை வைத்திருப்போருக்குச் சலுகை வழங்குமாறு பரிந்துரைத்தது. கணக்குப் புத்தகம் எழுதப் பழகாத சிறு கடைக்காரரும் உழவரும் திடீரெனத் தம் வரியைத் தாமே கணக்கிட வேண்டியவராயினர். அவர்களுக்கு உதவி தேவைப்பட்டது. அத்தேவையே ஸெய்ரிஷிகளை வளர்த்தது. அவர்கள் தொகை இன்று 80 ஆயிரத்துக்கு மேல்.

அத்தொழிலுக்குள்ள பாதுகாப்பு வியப்புக்குரியது. பிறருக்காக வரி விவரத்தைத் தயாரிப்பதும், வரி அலுவலகத்தில் அவருக்காகத் தோன்றுவதும், அவருடைய வரியைப் பற்றி ஆலோசனை கூறுவதும் தகுதிபெற்ற ஸெய்ரிஷிக்கே உரியவை. பணம் வாங்காமல் இலவசமாகச் செய்தாலும் பிறர் அதனைத் தொழிலாகச் செய்யலாகாது. இத்தகைய கோட்டைக்குள் நுழைவதற்குப் பரீட்சை கடினமாக இருப்பதும் இயல்பே. 11 பாடங்களுள் 5 பாடங்களில் தேற வேண்டும். ஒரே முறையில் தேற வேண்டியதில்லை. ஒரு பாடத்திற் பெற்ற தேர்ச்சி என்றும் அழியாது. ஆதலால் பகலில் வேலையும் இரவிற் படிப்புமாக ஆண்டுக்கொரு பாடத்தை முடித்துப் பல ஆண்டுகளைச் செலவிடுவோர் ஏராளம்.

வரி உத்தியோகத்தருக்கோ வேறொரு பாதை இருக்கிறது. தேசிய வரி வேலையில் உரிய பதவியில் 10 ஆண்டுகள் இருந்தவருக்கு வரிச் சட்டப் பாடங்களில் விலக்கு உண்டு. 23 ஆண்டுகள் இருந்து குறிக்கப்பட்ட பயிற்சியையும் முடித்தவருக்குக் கணக்கியற் பாடங்களிலும் விலக்கு உண்டு. அதாவது, பரீட்சை மண்டபத்தின் வாயிற்படியை மிதிக்காமலே அவர் ஸெய்ரிஷியாகலாம். உயர்நிலைப் பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு 18 வயதில் சேர்ந்து, வரிக் கல்லூரியில் ஏறக்குறைய ஓராண்டு பயின்று, அலுவலகத்துக்கு அலுவலகம் மாறி உழைக்கும் ஒரு சாதாரணக் குடும்பத்து இளைஞருக்கு நாற்பது வயதைத் தாண்டியதும் இத்தகுதி கைகூடுகிறது. பல்கலைக்கழகப் பட்டம் இல்லாதவருக்கு இதைவிட உறுதியான ஏணி எளிதிற் கிடைப்பதன்று. சம்பளம் போதாதே என்று நடுவில் விலக எண்ணுபவரும் அந்த 23 ஆண்டுகளை எண்ணிப் பார்த்துப் பொறுத்திருப்பர். அரசாங்கத்துக்கு அது ஆதாயம்: தேர்ந்த உத்தியோகத்தரைத் தன் வலிமை குன்றும் வயதுவரை வைத்திருக்க முடிகிறது. ஆனால் இரவெல்லாம் விழித்துப் படித்து ஐந்து பாடங்களிலும் தேறியவர்கள் இதனை நீதியென்று ஏற்பதில்லை. அவர்களுடைய மனக்குறை நெடுங்காலமாகவே இருந்துவருகிறது.

அந்நாட்டில் வரி உத்தியோகத்தரின் ஆண்டு யூலை மாதத்தில் தொடங்குகிறது. இடமாற்றங்களும் பதவி உயர்வுகளும் அம்மாதத்திலேயே வரும். வரி அலுவலகத் தலைவர்கள் ஓய்வு பெறுவதும் யூலையில். சில வாரங்களுக்குள் அவர்களிற் பலரின் பெயர்ப்பலகை அதே நகரத்தில் அல்லது அயல் நகரத்தில் தொங்கும். நெடுங்காலமாக, அவர்களுக்கு வாடிக்கைக் கம்பனிகளைத் தேடிக் கொடுத்ததும் வரி நிறுவகத்தின் ஆளணிப் பிரிவே. பதவியிலிருக்கும் கடைசி மாதங்களில் உத்தியோகத்தரே கம்பனிகளை அணுகித் தமக்கு வேலை கேட்டால் அது மிரட்டலாகத் தோன்றும். ஆகவே நிறுவகமே முறையாகச் செய்துவிடுவது நல்லது என்று அதற்குக் காரணம் கூறப்பட்டது. காரணம் கேட்பதற்கு அழகாயிருந்தது. ஆனால் வரி நிறுவகத்திலிருந்து இத்தகைய வேண்டுகோள் வரும்போது அதனை மறுக்கும் துணிவு எத்தனை கம்பனிகளுக்கு இருந்திருக்கும்?

இதனால் ஒரு விநோதமான ஏற்பாடு தோன்றியது. கம்பனிக்கு ஏற்கெனவே ஒரு ஸெய்ரிஷி இருப்பார். வேலை முழுவதையும் செய்பவர் அவர். அவருக்கு மேல், ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவரும் மாதாந்தச் சன்மானத்துடன் ஆலோசகராக அமர்த்தப்படுவார். யப்பானியர் இதற்கு 'இரண்டு மாடி' என்று பெயரிட்டனர். கீழ்மாடியில் உழைப்பவர், மேல்மாடியில் ஓய்வெடுப்பவர். மேல்மாடிக்காரரிடம் கம்பனி வாங்கியது சட்ட அறிவையன்று, நடைமுறை அறிவையுமன்று, பதவியின் நிழலை. அந்நிழல் உண்மையில் வெயிலைத் தடுத்ததா என்பது வேறு விடயம். தடுக்கக்கூடும் என்ற நம்பிக்கைக்கே விலை கொடுக்கப்பட்டது.

2002ஆம் ஆண்டில் யப்பானியரைத் திடுக்கிடச் செய்த செய்தி ஒன்று வெளிவந்தது. சப்போரோ வட்டார வரிப் பணியகத்தின் தலைவராக இருந்து ஓய்வுபெற்று ஸெய்ரிஷியாகிய ஒருவர், கம்பனிகளிடமிருந்து பெற்ற ஆலோசனைச் சன்மானங்களில் பெரும்பகுதியை மறைத்து, பல கோடி யென் வரியை ஏய்த்ததாகக் கைதுசெய்யப்பட்டார். வேலியே பயிரை மேய்ந்த கதை. வரி ஏய்த்தார் என்பதைவிட, ஏய்ப்பதற்கு அவ்வளவு பெருந்தொகை அவரிடம் வந்து குவிந்தது எப்படி என்பதே மக்களின் கேள்வியாயிற்று. 1987இல் வெளிவந்து பெரும் வரவேற்புப் பெற்ற ஒரு யப்பானியத் திரைப்படத்தில் வரி ஏய்ப்பவரை விடாது துரத்தும் பெண் உத்தியோகத்தர் ஒருவரே கதாநாயகி. அவரைக் கண்டு பெருமிதங்கொண்ட மக்களுக்கு இச்செய்தி கசப்பாயிருந்தது. அமைச்சுகள் தம் ஊழியருக்கு வெளியே வேலை தேடிக் கொடுப்பதை 2007ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் தடைசெய்தது. 2010ஆம் ஆண்டை அண்டி வரி நிறுவகத்தின் வாடிக்கையாளர் ஏற்பாடும் கைவிடப்பட்டது. பரீட்சை விலக்கு மட்டும் நீடிக்கிறது. பதவி நீங்குவதற்கு முந்திய ஓராண்டில் தாம் வகித்த பதவியின் கீழ்வந்த விடயங்களை, நீங்கிய பின் ஓராண்டுவரை கையிலெடுக்கக் கூடாது என்ற விதியும் உண்டு. நிறுவகத் தலைவரின் அனுமதி பெற்றவருக்கு அதிலும் விலக்கு உண்டு.

யப்பானில் வாயில் ஒருபக்கமாகவே பெரிதும் திறந்திருக்க, பிரித்தானியாவில் அது இருபுறமும் சுழல்கிறது. 2013இல் அந்நாட்டுப் பாராளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு, நான்கு பெருங் கணக்காளர் நிறுவனங்களைக் கடுமையாகக் கண்டித்தது. அந்நிறுவனங்களின் ஊழியர் திறைசேரிக்கு இரவலாக வந்து, புதிய வரிச் சட்டத்தை வரைவதில் ஆலோசனை கூறிவிட்டு, நிறுவனத்துக்குத் திரும்பியதும் அச்சட்டத்தைப் பயன்படுத்தும் வகையைத் தம் கட்சிக்காரருக்கு எடுத்துரைத்தனர் என்பது குழுவின் குற்றச்சாட்டு. அதே ஆண்டில், பிரித்தானிய வரித் திணைக்களத்தின் மிக உயர்ந்த பதவிகளுள் ஒன்றில் இருந்து 2012இல் ஓய்வுபெற்ற டேவ் ஹார்ட்னெட், அந்நான்கு நிறுவனங்களுள் ஒன்றாகிய டெலோயிட்டில் ஆலோசகராகச் சேர்ந்தார். அவர் பதவியிலிருந்த காலத்தில் பெருங் கம்பனிகளுடன் செய்துகொள்ளப்பட்ட வரித் தீர்வுகள் அதே பாராளுமன்றக் குழுவின் கண்டனத்துக்கு உள்ளாகியிருந்தமையால் இந்நியமனம் பெரும் பேச்சாயிற்று. விதி மீறப்படவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. உயர் அதிகாரிகளின் பிற்காலப் பதவிகளை ஆராயும் ஆலோசனைக் குழு நிபந்தனைகளுடன் இசைவு தெரிவித்திருந்தது. அவருடைய பணியும் வெளிநாட்டு அரசாங்கங்களுக்கு ஆலோசனை கூறுவதே. விதிப்படி நடந்த ஒன்றும் மக்கள் மனத்தில் ஐயத்தை விதைக்கலாம் என்பதற்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டு.

வெளிநாட்டு அரசாங்கம் என்றதும் வேறொரு வழி நினைவுக்கு வருகிறது. 2015இல் பொருளாதார ஒத்துழைப்பு அபிவிருத்தி நிறுவனமும் ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டமும் சேர்ந்து 'எல்லைகளற்ற வரிப் பரிசோதகர்' என்னும் திட்டத்தைத் தொடக்கின. அனுபவமுள்ள வரிப் பரிசோதகர்கள், ஓய்வுபெற்றோர் உட்பட, வறிய நாடுகளின் வரி அலுவலகங்களில் அந்நாட்டு உத்தியோகத்தருடன் அருகிருந்து பன்னாட்டுக் கம்பனிகளின் கணக்குகளை ஆராய்கின்றனர். வகுப்பறையில் வைத்துப் பாடஞ் சொல்வதில்லை. நடந்துகொண்டிருக்கும் உண்மையான விசாரணையிலேயே வழிகாட்டுகின்றனர். கூடுதலாகச் சேர்ந்த வரி நூறு கோடி டொலரையும் கடந்துவிட்டது. மேலே கூறிய நடைமுறை அறிவு, வரியைக் குறைப்பதற்கு மட்டுமன்றிச் சேர்ப்பதற்கும் பதவி நீங்கியவர் கையிலிருந்து பயன்படலாம் என்பதை இத்திட்டம் காட்டியிருக்கிறது. சன்மானத்தில் தனியார் நிறுவனங்களுக்கு இது ஈடாகாது என்பதை ஊகிப்பது கடினமன்று.

இலங்கையில் வருமான வரி 1932ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தோடு தொடங்கியது. 2019ஆம் ஆண்டின் இறுதியில் வரிகள் பெரிதும் குறைக்கப்பட்டன; 2022ஆம் ஆண்டின் நெருக்கடிக்குப் பின் மீண்டும் உயர்த்தப்பட்டன; 2023இல் சர்வதேச நாணய நிதியத்துடன் ஏற்பட்ட உடன்பாட்டில் அரசிறையைப் பெருக்குவது முதன்மையான இடத்தைப் பெற்றது. சில ஆண்டுகளுக்குள் சட்டம் இத்தனை முறை திரும்பினால், அத்திருப்பங்களைக் கைவிரலிற் கணக்கிடத் தெரிந்தவருக்கு மதிப்பு உயர்வது நியாயமே. அத்தகையோர் திணைக்களத்துக்கு வேண்டியவர், கம்பனிகளுக்கும் வேண்டியவர்.

பெரிய நாட்டில் ஓராண்டு, ஈராண்டு இடைவெளி என்றால் அதற்குப் பொருள் உண்டு. நியூயோர்க்கில் பதவி நீங்கியவர் கலிபோர்னியாவுக்குச் சென்று தொழில் நடத்தலாம். கொழும்பில் சேர் சிற்றம்பலம் ஏ. கார்டினர் மாவத்தையில் உள்ள இறைவரிக் கட்டடத்திலிருந்து வெளியேறும் ஒருவருக்குச் செல்ல வேறு கலிபோர்னியா இல்லை. அவர் தொழில் நடத்தவிருப்பதும் பெரும்பாலும் அதே நகரிலேயே. அவரை நாடி வரப்போகிறவர்களும் அவரோ அவருடைய நண்பரோ முன்னர் மதிப்பீடு செய்தவர்களே. எதிரே அமர்ந்து விசாரிக்கப் போகிற இளம் மதிப்பீட்டாளர் அவரிடமே வேலை பழகியவராக இருக்கக்கூடும். புறக்கோட்டையில் அடுத்தடுத்து இருக்கும் இரு கடைக்காரரில் ஒருவர் அவருடைய கட்சிக்காரராகிறார் என்று வைத்துக்கொள்வோம். சில ஆண்டுகளுக்கு முன் மற்றவரின் கணக்கை முழுவதும் பார்த்தவர் அவர். அந்த அயற்கடையின் இலாப விகிதம் அவருக்குத் தெரியும்; எந்த வியாபாரி அதற்குக் கடனுக்குச் சரக்குக் கொடுக்கிறார் என்பதும் தெரியும். அவற்றை வெளியிடக் கூடாது என்று சட்டம் கட்டளையிடுகிறது. மறந்துவிடுமாறு எந்தச் சட்டமும் கட்டளையிட முடியாது. தம் கட்சிக்காரருக்கு அவர் கூறும் ஆலோசனையில் எவ்வளவு சட்டப் புத்தகத்திலிருந்து வந்தது, எவ்வளவு அந்தப் பழைய கோவையிலிருந்து வந்தது என்பதை அவரே பிரித்துச் சொல்வதும் அரிது.